கரண்டு போகாத சாயங்காலம்

பசுண்டாங்கில் எங்கள் தெரு பி குரூப்.
ஐந்திலிருந்து ஒன்பதுவரை இருட்டு என்று
அட்டவணை சொன்னது.
அதை நம்பித்தான்
விளக்குப் பெட்டியோடும் ட்ரைபாடோடும்
ஆறு மாடி ஏறினேன்.

லாமின் கம்பெனியின் சார்ஜ் விளக்கு.
லாமின் என்றால் நிலா.
முப்பது நொடி வீடியோ,
அதில் முதல் மூன்று நொடிதான் சோறு.
அதற்குள் கட்டைவிரல் நிற்காவிட்டால்
நாம் பிறக்கவே இல்லை என்பாள்
ஆபீசில் மா யமின்.

ஸ்கிரிப்ட் இது:
இருட்டு.
இருட்டில் ஒரு முகம், என்னுடையது.
லேசான கவலை. அதிகம் ஆகாது,
கவலை முற்றினால் விளக்கு விற்காது.
ஜன்னலுக்கு வெளியே தெரு தெரியக் கூடாது.
விரல், பொத்தான், வெளிச்சம்.
பல் தெரிய, "எட்டு மணி நேரம் எரியும்!"

திரையில் என் பெயர் மா தின்ஸர்.
ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்த பெயர்
விளக்குக்குப் பொருந்தாதாம்.

ஐந்தாயிற்று. போகவில்லை.
ஐந்தரை.
ஆறு.
ஒருநாளும் இல்லாத திருநாளாக
எரிந்துகொண்டே இருக்கிறது தெரு.
தினமும் "மீ லா பி!" என்று கூவும் பிள்ளைகள்
கூவ வழியில்லாமல் நிற்கிறார்கள்,
போனால்தானே வருவதற்கு.
எல்லா மோட்டாரும் ஒரே மூச்சில் தண்ணீர் இழுக்கின்றன.
கீழ்வீட்டில் ஒருவர்
ஏழு லோஞ்சிகளை அடுக்கி
இஸ்திரி போடுகிறார்.
இன்னும் எவ்வளவு நேரமோ என்று
ஒட்டகம்போல் குடிக்கிறார்கள் கரண்டை.

போய்த்தொலை, போய்த்தொலை என்று
நான் மட்டும் உள்ளுக்குள்.
ஒரு ஊர் வேண்டாம் என்பதை
வேண்டும் என்பவளுக்கு
மாதம் நாலு லட்சம் கியாட்,
வியூஸ் ஏறினால் தனி.

மெயினை அணைத்தேன்.
அணைத்தும் அறை இருளவில்லை.
எதிர்வீட்டு ட்யூப்லைட்
சந்தைத் தாண்டி என் சுவரில் உட்கார்ந்திருந்தது.
போர்வை கட்டினோம்.
"கல்யாண மண்டபத்து மின்சாரம் மாதிரி வழியுதே"
என்றான் கேமராவுக்குப் பின்னால் கோ ஸெயா.

ஜன்னலில் நின்று கூப்பிட்டேன்,
"நூர்நிஸா அக்கா, பத்து நிமிஷம்
உங்க லைட்டை அணைக்க முடியுமா?"

கையில் கரண்டியோடு வந்து பார்த்தாள்.
மூன்று நாளாய்
விறகடுப்பில் சமைத்த முகம் அது.

"ஒரு விளக்கு தர்றேன் அக்கா."

"எனக்கெதுக்கு விளக்கு?
கரண்டுதான் இருக்கே."

சொல்லிவிட்டு அணைத்தாள்.
அவளுடைய பையன்
கணக்கு நோட்டை மூடாமலே
ஜன்னலுக்கு வந்து
அந்த இருட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான்.

பதினாலு டேக்.
பதினாலாவதில் முகம் அமைந்தது.
"இப்பத்தான் அளவாக் கவலைப்படறே,
எப்படி நடிச்சே?" என்றான் கோ ஸெயா.
நான் மெயினைப் போட்டேன்.

ஏழே காலுக்கு அசல் இருட்டு வந்தது,
யாரையும் கேட்காமல்,
தெரு முழுக்க,
இஸ்திரிப் பெட்டி நாலாவது லோஞ்சியில் இருக்கும்போது.
டவரும் படுத்தது.
மாடிப்படியில் போனைத் தலைக்குமேல் பிடித்து
வி.பி.என் சுற்றச் சுற்றக் காத்திருந்து
இருட்டை ஏற்றினேன்,
இருட்டிலிருந்து.

பிறகு கீழே போனேன்.
ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவுக்குத் தொங்கும்
கிளிப் மாட்டிய கயிறுகள்.
காலையில் செய்தித்தாள் ஏறும்,
மதியம் மொகிங்கா ஏறும்.
நூர்நிஸாவின் கயிற்றில்
கம்பெனிக்குத் திருப்ப வேண்டிய சாம்பிளை மாட்டி
எரியவிட்டு
மணியை இழுத்தேன்.

ஏறியது.
முதல் மாடி, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு,
இரண்டாம் மாடியில்
யாரோ ஒரு பெரியவரின் வெறும் மார்பைக் காட்டி,
மூன்றில் துவைத்த துணியைக் காட்டி.
படம் பிடித்திருந்தால்
ஒரு லட்சம் கட்டைவிரல் நின்றிருக்கும்.
போனில் சார்ஜ் இல்லை.

நாலாவது மாடியில் அணைந்தது விளக்கு.

கயிறு நின்றது.
ஒரு நிமிடம் தெருவில் சத்தமில்லை.

"அடியே இருளாயீ!
எட்டு மணி நேரமா?"

மேலே எங்கோ ஆரம்பித்த சிரிப்பு
மாடி மாடியாக இறங்கி
என்னிடம் வந்து சேர்ந்தபோது
நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்,
எந்த அளவிலும் இல்லாமல்.